ஸ்கேன் அறைக்குப் போக நேரமில்லை... கட்டிலுக்கே வரும் கறுப்பு வெள்ளைப் படம்!

இரவு 11.40 மணி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவு. 108 ஆம்புலன்ஸிலிருந்து ஓர் இளைஞரை இறக்குகிறார்கள். வயது 26 இருக்கலாம். பைக்கில் வந்தவர் சாலை நடுவே இருந்த தடுப்பில் மோதி விழுந்திருக்கிறார். முழங்கையில் சிராய்ப்பு, நெற்றியில் சின்ன வெட்டு. கூட வந்த நண்பர், "பெருசா அடி ஒண்ணும் இல்ல சார், கொஞ்சம் மயக்கமா இருக்குங்கிறான்" என்கிறார்.

மானிட்டரில் ஓடும் எண்கள் சரியில்லை. நாடித்துடிப்பு 134. ரத்த அழுத்தம் 84/50. உடம்பு சில்லிட்டு வியர்க்கிறது. எங்கிருந்தோ ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால், ஸ்ட்ரெச்சரிலோ தரையிலோ ஒரு சொட்டு இல்லை. அப்படியென்றால் உள்ளேதான் கசிகிறது. மார்பிலா, வயிற்றிலா, இடுப்பெலும்பைச் சுற்றியா?

சி.டி. ஸ்கேன் அடுத்த கட்டடத்தில் இருக்கிறது. லிஃப்ட், வராண்டா, காத்திருப்பு எல்லாம் சேர்த்தால் அரை மணி நேரம் ஓடிவிடும். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே இருக்கும் ஒருவரை அந்த மெஷினுக்குள் படுக்கவைத்துவிட்டு டாக்டர் வெளியே நிற்பதைப்போல் ஆபத்து வேறில்லை.

எமர்ஜென்சி மெடிசின் முதுகலை படிக்கும் மாணவி ஒருவர் சக்கரம் வைத்த சின்ன மெஷின் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வருகிறார். இளைஞரின் வலது விலாவுக்குக் கீழே ஜெல் தடவி, கைக்கு அடக்கமான கருவியை வைக்கிறார். திரையில் சாம்பல் நிறத்தில் கல்லீரல். அதை ஒட்டி அவரை விதை வடிவத்தில் சிறுநீரகம். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். ஆனால் இடையில் ஒரு கறுப்புப் பட்டை.

"சார், மாரிசன்ல ஃப்ளூயிட் இருக்கு!"

அடுத்த நிமிடம் அறுவை சிகிச்சை டாக்டருக்குப் போன் போகிறது. ரத்த வங்கிக்கு ஆள் ஓடுகிறார். மெஷின் வந்து நின்றதிலிருந்து மூன்று நிமிடம்தான் ஆகியிருக்கிறது.

இந்தக் காட்சியில் வருபவர்களுக்குப் பெயரோ ஊரோ தேவையில்லை. தமிழ்நாட்டின் பெரிய மருத்துவமனைகளில் எந்த இரவிலும் நடக்கக்கூடியது இது. அந்தக் கறுப்புப் பட்டையைக் கண்டுபிடிக்க ஒரு டாக்டர் எப்படிக் கற்றுக்கொள்கிறார் என்பது வெளியே அதிகம் தெரியாத விஷயம். கல்லூரிப் பாடத்தில் பாஸானால் மட்டும் அது வந்துவிடாது.

நியூஸ் பேப்பர் டெஸ்ட்!

'ஸ்கேன்' என்றதும் நம் வீடுகளில் இரண்டு விஷயங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். ஒன்று, கர்ப்பிணிக்கு எடுப்பது. இரண்டு, வயிற்று வலிக்கு 'தண்ணி நிறைய குடிச்சுட்டு வாங்க' என்று சொல்லி எடுப்பது. இரண்டுக்கும் டோக்கன் உண்டு, தனி அறை உண்டு, கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் உண்டு.

கட்டிலருகே எடுக்கும் ஸ்கேன் அப்படிப்பட்டதல்ல. நோயாளியை முதலில் பார்க்கும் டாக்டரே கருவியைக் கையில் எடுத்து, ஒரே ஒரு கேள்விக்கு 'ஆம்', 'இல்லை' என்று பதில் தேடுவது. வயிற்றில் ரத்தம் தேங்கியிருக்கிறதா? இதயத்தைச் சுற்றிய உறைக்குள் ரத்தம் அடைத்திருக்கிறதா? நுரையீரல் சுருங்கிப்போயிருக்கிறதா? பித்தப்பையில் எத்தனை கல், எத்தனை மில்லிமீட்டர் என்ற கணக்கெல்லாம் இங்கே கிடையாது.

இது வருவதற்கு முன்பு என்ன செய்தார்கள் தெரியுமா? 1965-ல் அமெரிக்க அறுவை சிகிச்சை டாக்டர் டேவிட் ரூட் ஒரு முறையை அறிமுகப்படுத்தினார். தொப்புளுக்குக் கீழே சின்னதாகக் கிழித்து, குழாயை வயிற்றுக்குள் விட்டு, ஒரு லிட்டர் சலைன் ஏற்றுவார்கள். பிறகு அந்த பாட்டிலைத் தரையில் இறக்கிவைத்தால் உள்ளே போன திரவம் திரும்பி வரும். அதில் ரத்தம் கலந்திருந்தால் ஆபரேஷன். எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்க லேப் வசதி இல்லாவிட்டால், குழாய்க்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்துப் பார்ப்பதும் உண்டு. எழுத்து படிக்க முடியவில்லை என்றால் தியேட்டருக்குக் கொண்டுபோய்விடலாம். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், பல ஆண்டுகள் உலகம் முழுக்க உயிர்களைக் காப்பாற்றிய முறை அது.

அல்ட்ராசவுண்டும் அதே காலத்தில்தான் வளர்ந்துகொண்டிருந்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் மகப்பேறு பேராசிரியராக இருந்த இயான் டொனால்ட், பாய்லர் தொழிற்சாலையில் உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் கருவியைக் கடன் வாங்கி, ஆபரேஷனில் எடுத்த கட்டிகளை அதில் வைத்துச் சோதித்துப் பார்த்தார். 1958-ல் 'லான்செட்' இதழில் அவர் குழு வெளியிட்ட கட்டுரைதான் இன்றைய ஸ்கேன் சென்டர்களுக்கெல்லாம் தொடக்கப்புள்ளி. விபத்தில் அடிபட்டவர்களுக்கு இதைப் பயன்படுத்தும் வழக்கம் 1970, 80-களில் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் வந்தது. 1990-களில் அமெரிக்காவின் கிரேஸ் ரோசிக்கி போன்ற டாக்டர்கள் அதை நான்கு இடங்களை மட்டும் பார்க்கும் ஒரு வேகமான சோதனையாக வடிவமைத்தார்கள். அதற்கு 'ஃபாஸ்ட்' என்றே பெயர். வலது மேல் வயிறு, இடது மேல் வயிறு, இடுப்புக்குழி, இதயம்... இந்த நான்கும்தான். பின்னாளில் இரண்டு நுரையீரல்களும் சேர்ந்துகொண்டன.

மாணவி முதலில் 'பார்த்த' அந்த இடத்துக்கு மாரிசன் பை என்று பெயர். இங்கிலாந்து அறுவை சிகிச்சை டாக்டர் ஒருவரின் பெயர் அது. மல்லாந்து படுத்திருக்கும்போது மேல் வயிற்றிலேயே தாழ்வான பள்ளம் அதுதான். மழைத் தண்ணீர் தெருவில் எங்கே போய்த் தேங்குமோ, அப்படித்தான் ரத்தமும். திரவத்தில் ஒலி எதிரொலிக்காமல் கடந்துபோய்விடும் என்பதால், திரையில் அது கறுப்பாகத் தெரியும்.

முதல் நாள்... சிறுநீரகத்தைக் காணோம்!

மூன்று நிமிடத்தில் ரத்தத்தைக் கண்டுபிடித்த அதே மாணவி, எட்டு மாதங்களுக்கு முன்பு எப்படி இருந்திருப்பார்? பயிற்சி தரும் எந்த ஆசிரியரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: திரையில் எது கல்லீரல் என்றே தெரியாமல் முழித்திருப்பார்.

முதல் வகுப்பில் நோயாளியே கிடையாது. மெஷினை ஆன் செய்வது, பெயரும் ஐ.பி. எண்ணும் போடுவது, எந்த உறுப்புக்கு எந்த செட்டிங் என்று தேர்ந்தெடுப்பது, எவ்வளவு ஆழம், எவ்வளவு வெளிச்சம்... இதிலேயே அரை நாள் போகும். 'பெயர் போடுறதெல்லாம் ஒரு பாடமா' என்று நினைக்கிறவர்கள் உண்டு. அவசரத்தில் பெயர் போடாமல் எடுத்த படம் யாருடையது என்று மறுநாள் யாருக்கும் தெரியாது என்பது அனுபவத்தில்தான் புரியும்.

அடுத்தது, கருவியைப் பிடிப்பது. ப்ரோப் என்று சொல்லும் அந்தக் கருவியில் மூன்று வகை. வளைந்த முகம் கொண்டது வயிற்றுக்கு. தட்டையானது தோலுக்குப் பக்கத்தில் இருக்கும் ரத்தக்குழாய்க்கும் நுரையீரல் உறைக்கும். சிறிய சதுர முகம் கொண்டது விலா இடுக்கு வழியாக இதயத்தைப் பார்க்க. பேனா பிடிப்பதுபோல் பிடித்து, சுண்டுவிரலை நோயாளியின் உடம்பில் ஊன்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கை நழுவும், படமும் நழுவும். கருவியின் ஓரத்தில் ஒரு சின்ன மேடு இருக்கும். அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை மறந்தால், திரையில் இடம் வலமாகிவிடும்.

வலது பக்கம் ஓரளவு சீக்கிரம் பிடிபடும். பெரிய கல்லீரல் ஜன்னல்போல நின்று வழிகாட்டும். இடது பக்கம்தான் எல்லோரையும் அழவைக்கும். மண்ணீரல் சின்னது, இன்னும் மேலே, இன்னும் பின்னால் ஒளிந்திருக்கும். இரைப்பையில் இருக்கும் காற்று குறுக்கே வந்து மறைக்கும். புதியவர்கள் கருவியை வயிற்றின் முன்பக்கமே வைத்துத் தேடுவார்கள். "கையைப் பின்னால கொண்டு போம்மா... இன்னும்... உன் விரல் முட்டி மெத்தையில படணும்" என்று பின்னால் நின்று ஆசிரியர் சொல்லிக்கொண்டே இருப்பார்.

நோயாளிகள் மேல் கை வைப்பதற்கு முன்பு ஒருவர்மேல் ஒருவர் பழகிக்கொள்கிறார்கள். ஹாஸ்டலில் மதிய சாப்பாடு முடித்து வந்தவரின் வயிற்றில் காற்றும் சோறும்தான் தெரியும் என்பதால், ஒல்லியானவருக்கும் பட்டினி கிடப்பவருக்கும் அங்கே தனி மரியாதை. ஊசி போடப் பழகுவதற்கு ஜெலட்டினைக் காய்ச்சி, உள்ளே ரப்பர் குழாயைப் புதைத்து, டப்பாவில் உறையவைக்கிறார்கள். ஜெலட்டின் மட்டும் என்றால் திரையில் வெறும் கறுப்பாகத் தெரியும். சதைபோல மங்கலாகத் தெரிய வேண்டுமே? அதற்கு அவர்கள் கலப்பது, மலச்சிக்கலுக்கு நம் வீட்டுத் தாத்தா பாட்டிகள் ராத்திரி தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் இசப்கோல்! கோழியின் நெஞ்சுக்கறிக்குள் குழாயைச் செருகிப் பழகுவதும் உண்டு.

கழுத்து ரத்தக்குழாயில் ஊசி செலுத்துவதற்கு இந்தப் பயிற்சி ரொம்ப முக்கியம். முன்பெல்லாம் தோலுக்கு மேல் விரலால் தடவி, அடையாளம் பார்த்துக் குத்துவார்கள். தவறினால் பக்கத்தில் இருக்கும் தமனியிலோ, நுரையீரல் உறையிலோ குத்திவிடும். 2002-லேயே இங்கிலாந்தின் 'நைஸ்' அமைப்பு, கழுத்தில் இதைச் செய்யும்போது ஸ்கேனில் பார்த்தபடியே செய்யுங்கள் என்று பரிந்துரை கொடுத்துவிட்டது.

வயிற்றில் திரவம் எப்படித் தெரியும் என்பதைக் கற்க விபத்துக்காகக் காத்திருக்க முடியாது. அதற்கு உதவுகிறவர்கள், கல்லீரல் நோயால் வயிற்றில் நீர் கோத்த உள்நோயாளிகளும், வயிறு வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும். சம்மதம் கேட்டு, திரை போட்டு, மாணவர்கள் ஒவ்வொருவராகப் பார்ப்பார்கள். தன் வலியோடு படுத்திருக்கும் ஒருவர், 'கத்துக்கட்டும் புள்ளைங்க' என்று வயிற்றைக் காட்டிப் படுப்பது, போதனா மருத்துவமனைகளில் மட்டும் பார்க்கக் கிடைக்கும் பெருந்தன்மை. அதற்கு யாரும் சான்றிதழ் கொடுப்பதில்லை.

நுரையீரல் பாடம் வேறு மாதிரி. ஆரோக்கியமான நுரையீரலின் உறை, ஒவ்வொரு மூச்சுக்கும் வழுக்கி நகர்வது திரையில் தெரியும். அதை இன்னொரு செட்டிங்கில் பார்த்தால் மேலே கோடு கோடாக அலை, கீழே மணல். டாக்டர்களே அதற்கு 'கடற்கரை' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். உறைக்கு இடையில் காற்று புகுந்து நுரையீரல் சுருங்கிவிட்டால் மணல் மறைந்து, மேலிருந்து கீழ்வரை வெறும் கோடுகள். சூப்பர் மார்க்கெட் பாக்கெட்டில் இருக்கும் பார்கோடுபோல. பிரான்ஸின் டேனியல் லிஷ்டன்ஸ்டைன் போன்றவர்கள் 'காற்று நிறைந்த நுரையீரலில் அல்ட்ராசவுண்டுக்கு வேலையே இல்லை' என்ற பழைய நம்பிக்கையை உடைத்தார்கள். கொரோனா காலத்தில், சி.டி. வாசலில் வரிசை நீண்டபோது அந்தப் பாடம் நம் ஊரிலும் கைகொடுத்தது. டெங்கு சீஸனில் குழந்தையின் நெஞ்சிலும் வயிற்றிலும் நீர் கசிகிறதா, பித்தப்பைச் சுவர் தடித்திருக்கிறதா என்று கட்டிலிலேயே பார்க்க முடிவதும் இதனால்தான்.

'இல்லை' என்றால் இல்லையா?

எத்தனை ஸ்கேன் எடுத்தால் கை பழகும்? அமெரிக்க அவசர மருத்துவ டாக்டர்கள் கல்லூரி 2001-ல் முதல் வழிகாட்டியைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு வகை ஸ்கேனுக்கும் 25 முதல் 50 வரை, மேற்பார்வையோடு எடுத்துப் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது இப்போது உலகம் முழுக்கப் பேசப்படும் கணக்கு. இந்தியாவில் எமர்ஜென்சி மெடிசின் தனி முதுகலைப் படிப்பாக அங்கீகரிக்கப்பட்டதே 2009-ல்தான். அதனால், சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களில் பலரும் தாங்களே பணிக்கு வந்த பிறகு பயிலரங்குகளில் கற்றுக்கொண்டவர்கள்.

எண்ணிக்கை முக்கியம்தான். ஆனால், 50 முறை தப்பாகப் பார்த்தால் 51-வது முறையும் தப்பாகத்தான் பார்ப்போம். அதனால்தான் வாரம் ஒரு மதியம், எடுத்த வீடியோக்களை எல்லாம் பெரிய திரையில் போட்டு அலசுகிறார்கள். பிறகு எடுத்த சி.டி., ஆபரேஷனில் கண்டது, எல்லாவற்றோடும் ஒப்பிடுகிறார்கள். இந்தக் கூட்டம் நடக்காத இடத்தில் மெஷின் மட்டும் இருந்தால், அது இல்லாமல் இருப்பதே மேல் என்றுகூடச் சொல்லலாம்.

ஏனென்றால், இந்த ஸ்கேனின் 'ஆம்' நம்பகமானது. 'இல்லை' அப்படியல்ல. வயிற்றில் ரத்தம் கொஞ்சமாக இருக்கும்போது கறுப்புப் பட்டை தெரியாது. சில நூறு மில்லியாவது சேர்ந்தால்தான் கண்ணுக்குப் படும். குடல் கிழிந்திருந்தால் தெரியாது. முதுகுப்புறமாகக் கசியும் ரத்தமும் தெரியாது. முதல் தடவை சுத்தமாக இருந்த வயிறு, அரை மணி நேரம் கழித்துக் கறுப்பைக் காட்டலாம். 'ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னாங்க' என்று வீட்டுக்குக் கூட்டிப்போய், மறுநாள் தூக்கிக்கொண்டு ஓடி வருவதற்கான விதை இங்கேதான் இருக்கிறது.

இதயம் நின்றுபோனவருக்கு நெஞ்சை அழுத்தும்போது இன்னொரு சிக்கல். நாடி பார்க்க அழுத்துவதை நிறுத்தும் நேரம் 10 விநாடியைத் தாண்டக் கூடாது என்பது விதி. 2017-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அந்த இடைவெளியில் ஸ்கேனும் எடுத்தபோது சராசரியாக 21 விநாடி ஆகியிருந்தது. எடுக்காதபோது 13. திரையில் எதையோ தேடிக்கொண்டே நிற்கும் அந்தச் சில விநாடிகள் மூளைக்குப் போகும் ரத்தத்தை நிறுத்திவைப்பவை. அதனால், இப்போது சொல்லித்தருவது இதுதான்: அழுத்துவதை நிறுத்தும் முன்பே கருவியைச் சரியான இடத்தில் வைத்துத் தயாராக இரு. சில விநாடி வீடியோ மட்டும் பிடி. உடனே கையை எடு. அழுத்தம் மறுபடி தொடங்கிய பிறகு பிடித்ததைப் போட்டுப் பார்.

2018-ல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இன்னும் உறுத்தலானது. வட அமெரிக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும், காரணம் தெரியாமல் ரத்த அழுத்தம் குறைந்து வந்த 273 பேரைப் பிரித்துப் பார்த்தபோது, ஸ்கேன் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் 30 நாளில் பிழைத்தவர் கணக்கில் வித்தியாசமே இல்லை. காரணத்தைக் கண்டுபிடிப்பது வேறு, அதற்கு உடனே வைத்தியம் கிடைப்பது வேறு. நம் கதையில் வந்த இளைஞருக்குக் கறுப்புப் பட்டை தெரிந்தது மட்டுமல்ல அதிர்ஷ்டம். தியேட்டரும் ரத்தமும் அறுவை சிகிச்சை டாக்டரும் அந்த நேரத்தில் அங்கே இருந்ததும்தான்.

பூட்டு யாரிடம்?

இனி, கொஞ்சம் சிக்கலான பகுதி. ஸ்டெதஸ்கோப் மாதிரி இதை எல்லா டாக்டரும் பையில் போட்டுக்கொண்டு சுற்ற வேண்டியதுதானே என்று தோன்றலாம். செல்போனில் செருகிப் பார்க்கும் கையடக்கக் கருவிகள் உலகச் சந்தையில் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால், இந்தியாவில் அப்படி வைத்துக்கொள்ள முடியாது. அதற்குக் காரணம் நம் ஊர்க் கதைதான்.

உசிலம்பட்டி என்ற பெயரைக் கேட்டாலே 1980-களில் வந்த செய்திகள் ஞாபகம் வரும் தலைமுறை இன்னும் இருக்கிறது. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கப்பட்டது. கள்ளிப்பாலின் வேலையை ஸ்கேன் மெஷின் இன்னும் 'சுத்தமாக' செய்யத் தொடங்கியது. 1994-ல் 'கருத்தம்மா' திரைக்கு வந்த அதே ஆண்டில்தான், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிவதைத் தடை செய்யும் மத்திய சட்டமும் வந்தது. அதற்குப் பிறகும் 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான 1,000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள்தான்.

அதனால்தான் ஒவ்வொரு அல்ட்ராசவுண்டு மெஷினும் பதிவு செய்யப்பட வேண்டும். எந்த இடத்தில் இருக்கிறது, யார் இயக்குகிறார் என்பதும் பதிவில் இருக்க வேண்டும். கர்ப்பிணி ஒருவரை ஸ்கேன் செய்தால் 'படிவம் எஃப்' நிரப்ப வேண்டும். அதைச் சரியாக நிரப்பாமல் விடுவதும் குற்றம்தான் என்பதை 2019-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கையில் எடுத்துச் செல்லும் மெஷின்களுக்கு 2012-ல் தனிக் கட்டுப்பாடு வந்தது. அடிப்படை ஸ்கேன் பயிற்சிக்கு 6 மாதம், 300 மணி நேரம் என்று 2014-ல் விதி வந்தது. அதன்மேல் வழக்கு நடந்து, டெல்லி உயர் நீதிமன்றம் 2016-ல் சொன்ன தீர்ப்புக்கு 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.

இதையெல்லாம் பார்த்து மெஷினைப் பூட்டிச் சாவியை ரேடியாலஜி துறையில் கொடுத்துவிடும் நிர்வாகங்களைக் குறை சொல்லவும் முடியாது. ராத்திரி 2 மணிக்குச் சாவியைத் தேடும் எமர்ஜென்சி டாக்டரின் கோபத்தைத் தப்பு என்றும் சொல்ல முடியாது. கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும் பெண்ணுக்குத்தான் இந்த ஸ்கேன் யாரைவிடவும் அவசரமாகத் தேவை. பெண் குழந்தைகளைக் காப்பாற்ற வந்த சட்டம், அந்தப் பெண்ணுக்கு முன்னால் தடையாக நிற்கக் கூடாது. அதற்குச் சட்டத்தைத் தளர்த்த வேண்டியதில்லை. அவசர சிகிச்சைப் பிரிவின் மெஷினை முறையாகப் பதிவு செய்து, பயிற்சி முடித்த டாக்டர்களின் பெயர்களைச் சேர்த்து, படிவத்தை நிரப்ப ஓர் ஆளையும் போட்டால் போதும். இதைச் செய்துகொண்டு நிம்மதியாக வேலை பார்க்கும் மருத்துவமனைகளும் இருக்கின்றன. செய்யாத இடங்களில் பிரச்னை பெரும்பாலும் சட்டத்தில் இல்லை. எந்தத் துறை யாருக்குக் கீழே என்ற பழைய கணக்கில் இருக்கிறது.

பயிற்சியில் இந்தச் சட்டமும் ஒரு பாடம். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் ஸ்கூட்டரின் பின்னாலிருந்து விழுந்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாணவி வயிற்றில் கருவியை வைத்ததும் மாமியார் பக்கத்தில் வந்து நிற்பார். ரத்தக் கசிவு இல்லை, குழந்தையின் இதயம் துடிக்கிறது என்று தெரிந்ததும் எல்லோர் முகத்திலும் நிம்மதி. உடனே அடுத்த கேள்வி மெல்லிய குரலில் வரும். "டாக்டரம்மா, எல்லாம் நல்லபடியா இருக்குன்னீங்க... அப்படியே என்ன குழந்தைன்னும்..."

"துடிப்பு நல்லா இருக்கும்மா. அது போதும்."

வாயால் சொல்வது மட்டுமல்ல. சைகையாலோ, வேறு எந்த விதத்திலோ தெரியப்படுத்துவதும் குற்றம் என்கிறது சட்டம். முதல் தடவை மீறினாலே மூன்று ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. மாணவிக்குத் தெரிந்திருக்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு விடை தரும் இடத்துக்குக் கருவியைக் கொண்டுபோகவே கூடாது.

நீங்கள் அங்கே நிற்க நேர்ந்தால்...

விபத்து, மயக்கம், மூச்சுத்திணறல் என்று யாரையாவது கூட்டிக்கொண்டு ஓடும்போது, அவசரப் பிரிவில் டாக்டர் ஜெல் தடவிப் பார்த்தால் பதற வேண்டாம். 'ரிப்போர்ட் கொடுக்கலையே' என்று சண்டை போடவும் வேண்டாம். இது ரிப்போர்ட்டுக்கான ஸ்கேன் இல்லை. அதற்குப் பிறகு முழு ஸ்கேன் எடுக்கச் சொன்னால், அது இரண்டு தடவை பணம் பிடுங்குவதும் இல்லை. இதில் கதிர்வீச்சும் கிடையாது. பெண்களுக்கு எடுக்கும்போது திரை போடச் சொல்லிக் கேட்கலாம். கூட ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்பதும் உங்கள் உரிமை. கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டு என்றால், மாதவிலக்கு தள்ளிப்போய் நான்கு நாள்தான் ஆகியிருந்தாலும், அதைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதையும். 'ஒண்ணும் தெரியலை, ஆனா கொஞ்ச நேரம் இருங்க, மறுபடி பார்க்கணும்' என்று டாக்டர் சொன்னால், நிச்சயம் இருங்கள். தமிழ்நாட்டில் சாலை விபத்தில் காயமடைந்தவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவை 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் ஏற்கிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இது செல்லும். பணத்துக்குப் பயந்து பாதியில் கிளம்ப வேண்டிய அவசியம் இல்லை.

புதன்கிழமை மதியம்

மறுபடி அந்த மாணவி. அலசல் கூட்டத்தில் அந்த இளைஞரின் வீடியோ ஓடியபோது யாரோ கைதட்டினார்கள். ஆபரேஷனில் கல்லீரல் கிழிசலைச் சரி செய்திருந்தார்கள், ஐ.சி.யு-விலிருந்து வார்டுக்கு வந்துவிட்டார்.

ஆசிரியர் அதில் அதிக நேரம் நிற்கவில்லை. அடுத்த வீடியோவைப் போட்டார். அதே வாரம், அதே மாணவி எடுத்தது. ஏணியிலிருந்து விழுந்த ஒரு பெயின்டர். வலது பக்கம் தெளிவு. இடுப்புக்குழி தெளிவு. இடது பக்கத்தில் மண்ணீரலின் கீழ்ப் பாதி மட்டும் தெரிகிறது. மேல் பாதியை விலா எலும்பின் நிழல் மறைத்திருக்கிறது. பதிவேட்டில் நான்கு இடத்துக்கும் 'நெகட்டிவ்' என்று எழுதியிருந்தார் மாணவி. அன்றிரவு வலி குறையாததால் எடுத்த சி.டி-யில், மண்ணீரலின் மேல்பக்கம் ஒரு கிழிசலும் சுற்றிக் கொஞ்சம் ரத்தமும் இருந்தன. ஆபரேஷன் தேவைப்படவில்லை. கண்காணிப்பில் வைத்துக் காப்பாற்றிவிட்டார்கள்.

"இடது பக்கம் என்ன தெரியுது?" என்றார் ஆசிரியர்.

"நெகட்டிவ் சார்."

"நெகட்டிவ் இல்லம்மா. நீ பார்க்கல."

அறையில் சத்தமே இல்லை. ஆசிரியர் குரலை உயர்த்தவில்லை. இருவரும் சேர்ந்து அந்த வீடியோவை முன்னும் பின்னுமாக நான்கு முறை ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு விலா இடுக்கு மேலே போயிருந்தால், நோயாளியை மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லியிருந்தால், நிழல் விலகியிருக்கும்.

மாலை ஐந்து மணிக்கு டியூட்டி மாறியது. முதல் ஸ்ட்ரெச்சரில் வந்தவர் டிராக்டரிலிருந்து விழுந்த முதியவர். மாணவி ஜெல்லைத் தடவி, கையைப் பின்னால் கொண்டுபோனார். விரல் முட்டி மெத்தையில் பட்டது. "தாத்தா, மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க." இன்றைக்கும் மேல் பாதி தெரியவில்லை. இரண்டு முறை முயன்றுவிட்டு, பதிவேட்டில் எழுதினார்: 'இடது - முழுதாகத் தெரியவில்லை. 30 நிமிடத்தில் மறுபடி.'

பக்கத்தில் நேரத்தையும் குறித்துக்கொண்டார். 5.25.